அந்தோணியின் ஜெபமாலை

ஐப்பசி 9, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி தீர்ந்தது, கேட்டு வாங்கவேண்டும். காலையில் தம்பி வேலு ஊரிகம் சுரங்கத்துக்கு ஷிப்ட் கிளம்பும்போது என் மனைவி பொன்னம்மா திருநீறு பூசப் போனாள்.

“வேணா அண்ணி, வேர்வையில கண்ணுல எறங்கும்.”

ஓடிவிட்டான். என் தம்பியல்லவா! புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் வேலைக்கு வந்தபின் எனக்கும் சாமி விட்டுப்போயிற்று. கும்பிட்டவனுக்கும் கும்பிடாதவனுக்கும் ஒரே ரத்தம், ஒரே சீழ்.

மாலை. சுரங்கத்தின் அடியில் வேலு இருந்த லெவலில் பாறை வெடித்து விழுந்து வழி அடைத்துவிட்டது. உள்ளே அவனும் கூட வேலைசெய்யும் அந்தோணியும். வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஐப்பசி 10, புதன்

மழை வலுத்தது. கல்லைப் பெயர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பொன்னம்மா மாரியம்மன் கோயிலில். அந்தோணியின் மனைவி சவரியம்மாள் சர்ச்சில். எனக்குப் போக இடமில்லை. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாயிலில் நின்றேன். என் நாடியை நானே பிடித்தேன். குதிரை ஓட்டம்.

டாக்டர் துரை சொன்னது: உள்ளே காற்று கொஞ்சம்தான், கத்தி அலைந்தால் சீக்கிரம் தீரும். ஐயோ, வேலு கத்துவானே! விளக்கு அணைந்தாலே அலறுகிறவன்.

மேஸ்திரி மேலே வந்து, “தண்ணிக் கொழாயில தட்டுற சத்தம் கேக்குதுபா! உசுரோட கீறாங்க!”

“ரெண்டு பேருமா?”

“அது இன்னா தெரியும்?”

ஐப்பசி 11, வியாழன்

மதியம் ஷாஃப்ட் கூண்டில், கேஜில், மேலே வந்தான் வேலு. உயிரோடு! அந்தோணி பிணமாக.

சவரியம்மாள் அழவில்லை. அவன் முகத்து மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பார்க்க முடியவில்லை.

வேலுவின் வலது கை மூடியபடி. கழுவ விரலைப் பிரித்தால் அடிக்க வருகிறான். உள்ளே அந்தோணியின் ஜெபமாலை.

சாயங்காலம் பேசினான்.

“நா கத்துனேண்ணா. தலைய கல்லுல மோதிக்கினேன். அவருக்குக் கால் நசுங்கிக் கெடக்குது, ‘டேய், இங்க வா, மணி உருட்டலாம்’ன்றாரு. எனக்கு சாமி இல்லன்னேன். ‘அத்த அப்பால பாத்துக்கலாம். ஒவ்வொரு மணியா உருட்டி ஒரு தபா அம்மான்னு சொல்லு, மெதுவா’ன்னாரு.”

மெதுவாகச் சொன்னானாம். பிறகு அந்தோணியின் குரல் நின்றுவிட்டது. இருட்டில் தடவி மாலையை எடுத்து இவனே உருட்டினானாம். கல் பெயரும்வரை நிறுத்தவில்லையாம்.

“நம்பினியாடா?”

“தெரிலண்ணா. வுட்டா அவரு தனியா பூடுவாருன்னு இருந்திச்சி.”

மூச்சு அடங்கி வந்ததால் காற்று மீந்தது, பிழைத்தான். துரை அப்படித்தான் சொல்கிறார், சரிதான். ஆனால் கால் நசுங்கிக் கிடப்பவனுக்குப் பக்கத்திலிருப்பவனை அமர்த்துகிற தெம்பு எங்கிருந்து வந்தது? நம்பியவன் போய்விட்டான். அவன் நம்பிக்கையில் என் தம்பி பிழைத்திருக்கிறான். அடேயப்பா! என் புத்திக்கு எட்டவில்லை.

ஐப்பசி 13, சனி

வெயில். நேற்று அடக்கம், ஊரிகமே திரண்டது. கட்டுத்துணி வந்தது, பாதிதான்.

வேலு தூங்குவதில்லை. கண் சொருகினால் விதிர்த்து எழுகிறான். நாடி படபடப்பு. மருந்து கொடுத்தேன், பிரயோஜனமில்லை. கையையும் திறக்கவில்லை. இப்படியே போனால் பைத்தியமாகிவிடுவானோ என்று பயம்.

ஐப்பசி 14, ஞாயிறு

அவனே கேட்டான், சவரியம்மாள் வீட்டுக்குக் கூட்டிப்போ என்று. தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வேலு எதிரே உட்கார்ந்து கையை நீட்டித் திறந்தான். கட்டைவிரல் ஒரு மணியை அழுத்தியபடி.

“யக்கா, இதுலதான் நிக்குது.”

அந்த மணியிலேயே பிடித்து வாங்கினாள். அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அங்கிருந்து ஆரம்பித்தாள். வேலுவுக்கு ஜெபம் தெரியாது. ஒவ்வொரு மணிக்கும் “அம்மா” என்றான்.

வரவர அவன் குரல் தேய்ந்தது. சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். நாடி பிடித்தேன். சீராக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகலாமென்று தோளைத் தொட்டேன்.

சவரியம்மாள் என் கையை விலக்கினாள்.

“எழுப்பாதீங்கண்ணா. கடைசி வரிக்கும் அவரு கூட இருந்த புள்ள.”