சின்ன வீட்டை விற்பது

மார்ச் 3, செவ்வாய்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். "கேம் எல்லாத்தையும் வித்துடலாம்னு இருக்கேன்."

அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் வீடியோ கேம் அலமாரியை "உங்க சின்ன வீடு" என்று சொல்லிக் கரித்துக்கொட்டுகிறவள். பெரிய வீட்டுக்குத் துணி வைக்க இடமில்லை, சின்ன வீட்டுக்கு மட்டும் சுவர் முழுக்க அலமாரியா என்று கேட்காத மாதம் கிடையாது. சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

"எதுலயாவது மாட்டிக்கிட்டீங்களா?" என்றாள்.

"இல்லையே."

"வேலை போயிடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு. நீதானே சொல்லுவ."

"நான் சொல்லி எத நீங்க கேட்டிருக்கீங்க?"

மகள் வாலு தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "மீன் பிடிக்கற கேமையுமாப்பா?"

தண்ணீர் குடித்தேன்.

காரணத்தைச் சொல்லவில்லை. இங்கே எழுதக்கூடக் கை தயங்குகிறது.

மார்ச் 5, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

போன மாதம் கண்ணாடி மாற்றப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, முதலில் ஒரு கண் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். டாக்டர் ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லிக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். உள்ளே வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அழுத்த வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. பொத்தான் அழுத்துவதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா?

இடது கண்ணுக்கு வந்தபோது வெகு நேரம் புள்ளியே வரவில்லை. இயந்திரம் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தேன். ரிப்பேர் இயந்திரத்தில் இல்லை.

இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டதாம். வலது கண்ணிலும் ஓரம் அரிக்கத் தொடங்கியிருக்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது. வருடக்கணக்காக, ஒரு சின்ன வலி கூட இல்லாமல். போனது திரும்பாது, சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

"வண்டி எதுவும் ஓட்டாதீங்க, ஸ்கூட்டர் உட்பட. என்ன வேலை பாக்கறீங்க?"

"கிடங்குல சார். சரக்கு எடுத்து வைக்கறது."

பொய் இல்லைதான். எதை ஓட்டி எடுத்து வைக்கிறேன் என்பதை மட்டும் முழுங்கிவிட்டேன். மறுநாள் காலை போய், சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இன்றும் ஏறினேன். வேறு என்ன செய்ய? எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்று.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மருந்தை விட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

மச்சினன் வந்திருந்தான். எங்கள் கல்யாணத்தின்போது பள்ளிக்கூடச் சட்டையில் திரிந்தவன், இப்போது ஏசி மெக்கானிக். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவனுக்கு எங்கள் வீடுதான், எனக்கு அவன்தான் ஆட்டத்துக்குக் கூட்டாளி. அக்காவைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொள்வான். அக்காவும் நம்புவதுபோல நடிப்பாள்.

"விக்கறீங்களாமே, நிஜமாவா மாமா?"

"ஆமாடா. வயசாயிடுச்சு இல்ல."

அவன் சிரிக்கவில்லை. கால்பந்து ஆட்டத்தைப் போட்டோம். இடது பக்கமிருந்து வருகிற ஆள் ஒருத்தனும் எனக்குத் தெரிவதில்லை. திடீரென்று முளைத்துப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் அவனுக்குச் சந்தேகம் வரும் என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு ஆடினேன். கேவலமான தோல்வி.

கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தான். "நான் வர்றது தொந்தரவா இருந்தா நேராவே சொல்லிடுங்க மாமா. இதுக்காக எல்லாத்தையும் விக்க வேண்டாம்."

டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான். கூப்பிட்டிருக்கலாம். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது?

உண்மையில் எதற்காக விற்கிறேன்? வேலை போனால் கைக்கு உதவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பாதிதான். இந்த வீட்டில் என் கண்ணைக் காட்டிக்கொடுக்கக்கூடியது அந்த அலமாரி ஒன்றுதான். அது போய்விட்டால் தோற்க வேண்டியதில்லை. தோற்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

மார்ச் 10, செவ்வாய்

இன்று ஒரு ஆளைக் கொன்றிருப்பேன்.

சரக்கு அடுக்கிய பேலட்டை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினேன். இடது பக்கம் காலி. காலியாகத்தான் தெரிந்தது, சத்தியமாக. அலறல் கேட்டது. பிரேக்கை மிதித்தேன். சக்கரத்தின் அடியில் ஒரு அட்டைப்பெட்டி அப்பளமாகக் கிடந்தது. அதைத் தூக்கி வந்த பேக்கிங் அக்கா ராக்கோடு ராக்காக ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

"கண்ண என்ன வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியா? மஞ்சக் கோட்டுக்குள்ளதானே நடக்கறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேனே - நான் எல்லாம் என்ன மனுஷன்!

அவள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றித் தன் பாதத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகும் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

மார்ச் 11, புதன்

காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை.

மார்ச் 14, சனி

பழைய கேம் வாங்கி விற்கிற கடைக்காரரை வரச் சொல்லியிருந்தேன். மரியாதையான மனிதர். ஒவ்வொரு பெட்டியையும் பூப்போல எடுத்துத் திறந்து, டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முதல் சம்பளத்தில் வாங்கியது எது என்று கேட்டார். காட்ட எடுத்தேன், மேசையில் வைத்தேன், அடுத்த நிமிடம் அதைக் காணோம். மேசை, நாற்காலி, தரை என்று தேடினேன்.

"இதோ இங்கயே இருக்கே சார்." என் இடது முழங்கைக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வாசல் நிலையில் சாய்ந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் ஒரு தொகை சொன்னார். நியாயமான தொகை. சரி என்று நான் சொல்ல வாயெடுத்தபோது அவள் உள்ளே வந்தாள். "அண்ணா, மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கு எதுவும் எடுக்காதீங்க. உங்களுக்கு வீண் அலைச்சல்."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பையை மடித்துக்கொண்டு கிளம்பினார். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் நிற்காத விவரமானவர்.

வாலுவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு அந்த அலமாரியக் கண்டாலே ஆகாது. ஆனா உங்களுக்கு அது என்னன்னு எனக்குத் தெரியும். காரணம் தெரியாம அதுலேர்ந்து ஒரு டப்பா வெளிய போகாது. சொல்லுங்க. வேற யாராவதா?"

சிரித்திருக்க வேண்டிய கேள்வி. அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர், மருந்து, பேக்கிங் அக்கா, அட்டைப்பெட்டி.

அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வாலுவ ஸ்கூல்ல எதுல கொண்டுபோய் விடறீங்க?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"ஸ்கூட்டர்ல. முன்னாடி நிக்க வச்சுக்கிட்டு. தெரிஞ்சே."

"மெதுவாத்தான் ஓட்டினேன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"நீ ஒரு அப்பனா?" என்றாள். நீ என்றாள். இத்தனை வருடத்தில் ஒரு சண்டையிலும் அவள் வாயிலிருந்து வராத நீ.

மார்ச் 15, ஞாயிறு

ஸ்கூட்டர் சாவி அது தொங்குகிற ஆணியில் இல்லை. அவள் பேசவும் இல்லை. மச்சினன் வரவில்லை.

சாயங்காலம் குளியலறைக் கதவைத் தட்டினாள். திறந்தேன். கையை நீட்டினாள். மருந்துப் புட்டியைக் கொடுத்தேன்.

"எத்தன சொட்டு?"

"ஒண்ணு."

"மேல பாருங்க. சிமிட்டாதீங்க. பாதிய கன்னத்துலதானே விட்டுக்கிட்டு இருந்தீங்க இத்தன நாளா?"

பாருங்க என்றாள். 'ங்க' திரும்பி வந்துவிட்டது. மருந்து எது, கண்ணீர் எது என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

மார்ச் 16, திங்கள்

மேனேஜர் அறைக்குப் போய் வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பேருந்து நிறுத்தம் வரை அவள் கூட வந்தாள். நடுவழியில் நான் மனம் மாறிவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ.

மேனேஜர் நல்லவர்தான். ஆனாலும் முகம் மாறியது. "செவ்வாய்க்கிழமை நடந்தது இதனாலதானா?"

"ஆமா சார்."

"தெரிஞ்சும் ஓட்டியிருக்க. அத நான் மேல சொல்லாம இருக்க முடியாதுப்பா."

விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். சம்பளம் கிடையாது. எழுந்தபோது கால் கனத்தது. ஆனால் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கியும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி?

மார்ச் 19, வியாழன்

நாள் பூராவும் வீட்டில் நானும் அலமாரியும். இப்போது விற்க நிஜமான காரணம் வந்துவிட்டது. வேலை இருக்குமா என்று தெரியாது. கடைக்காரரைக் கூப்பிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "வீட்டுச் செலவுக்குன்னா நானும் கூட உக்காந்து யோசிக்கறேன். ஒளிஞ்சுக்கறதுக்குன்னா வேண்டாம்."

இரண்டில் எது? இன்னும் தெரியவில்லை. விற்கவும் மனம் வரவில்லை, வைத்துக்கொண்டு தினம் பார்க்கவும் தெம்பில்லை. ஒரு பெட்டியைத் திறந்து மூடி, இன்னொன்றைத் திறந்து மூடி... இப்படியே பொழுது போனது.

மார்ச் 25, புதன்

வேலை இருக்கிறது. வண்டி இல்லை. வருகிற சரக்கைச் சரிபார்க்கிற மேசையில் போட்டிருக்கிறார்கள். சம்பளம் குறைவு. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் கையில் கொடுத்தார்கள். கிடைக்க வேண்டியதுதான்.

பேக்கிங் அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு டேப்பைக் கிழித்து ஒரு பெட்டியை ஒட்டி முடித்தாள்.

"அன்னிக்கு இது தெரிஞ்சிருந்தா உன்னத் திட்டியிருக்க மாட்டேன் தம்பி."

"பரவால்லக்கா."

"செருப்பாலயே ரெண்டு வச்சிருப்பேன்." பிறகு குரலைத் தணித்து, "என் பொண்ணு ஒண்ணே ஒண்ணு. எனக்குக் கால் போயிருந்தா அவளுக்கு யாரு?" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பெட்டியை எடுத்தாள்.

மார்ச் 29, ஞாயிறு

மச்சினனை அக்காள்காரிதான் வரவழைத்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக, "என்கிட்ட கூடவா மாமா?" என்றான். போன் வந்ததாகச் சொல்லி வெளியே போனான். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான். போன் மேசையில்தான் இருந்தது.

பிறகு அவனுக்குள் இருக்கிற மெக்கானிக் விழித்துக்கொண்டான். என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று குடைந்தெடுத்தான். நாற்காலியைத் தூக்கி எதிர்ச்சுவர் ஓரம் போட்டு, "உக்காருங்க" என்றான். டிவி சின்னதாகத் தெரிந்தது. ஆனால் முழுசாகத் தெரிந்தது, நாலு மூலையும். மாதக்கணக்கில் பார்க்காத மூலைகள்.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். கார் பந்தயம் கதை முடிந்தது. துப்பாக்கி பிடித்து ஓடுவதெல்லாம் வீண். நின்று யோசித்து ஆடுகிறவை, ஊர் கட்டுகிறவை, கையடக்கமாகப் பிடித்து ஆடுகிறவை எல்லாம் எனக்கு இன்னும் அடங்குகின்றன. கால்பந்து இழுபறி. தலையைக் கூச்சமில்லாமல் திருப்பித் திருப்பி ஆடினால் ஒரு கோல் போட முடிகிறது. போட்டேன்.

மீன் பிடிக்கிற கேமை வாலு ஏற்கெனவே கொண்டுபோய்த் தன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். அது விவாதத்துக்கே வரவில்லை.

முடியாதவற்றைத் தனியாக அடுக்கினோம். பாதி அலமாரிக்கும் மேல். நான் வெகு நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. "இத வச்சிருந்தா என்ன, வித்தா என்ன?" என்று கடைசியில் அவளிடம் கேட்டேன்.

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

"வலிக்குது. ஆனா குடுத்துடலாம். யாராவது ஓட்டட்டும்."

ஏப்ரல் 6, திங்கள்

டாக்டரிடம் போனோம், இரண்டு பேருமாக. அழுத்தம் இறங்கியிருக்கிறது. மேற்கொண்டு பரவுகிறதா என்பது சில மாதம் கழித்து மறுபடி அந்த இயந்திரத்தில் முகத்தை வைத்தால்தான் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் விஷயத்தை இந்தத் தடவை மறைக்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவள் பக்கத்தில் இருந்ததால் திட்டு கொஞ்சம் குறைந்தது.

ஏப்ரல் 11, சனி

கடைக்காரர் மறுபடி வந்தார். போன தடவை அலைய வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வீட்டுக்கு வீடு இருக்கறதுதான் சார்" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். பிரித்து வைத்திருந்ததை மட்டும் காட்டினேன். எல்லாம் எடுத்து அடுக்கி முடித்து, பணமும் கொடுத்த பிறகு, மனசு கேட்காமல் என் இடது பக்கமாக வந்து நின்று கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ரேஸ், ஃபைட் எல்லாம் நல்ல நல்லதா குடுத்துட்டு, மெதுவா போறதா வச்சுக்கிட்டீங்களே, ஏன் சார்?"

"எனக்கு இடது பக்கம் பார்வை இல்லைங்க" என்றேன். இப்போது மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல வந்துவிட்டது.

"அப்படியா" என்றார். சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து நின்று, பாக்கிப் பேச்சைத் தொடர்ந்தார்.