தூசி மிஷினின் திரும்பும் கொக்கி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, என் இருமலும் அடங்கியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அதேபோல் சுகமாக இருப்பீர்கள் என்ற எண்ணத்தோடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஆரம்பிப்பதற்குள் அம்மா முடித்துவிடுவாள், இது முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டிய விஷயம். உண்மையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, நேராகக் கடைசிக்குத் தாவிவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது, வரிசை தப்பினால் உனக்கும் புரியாது எனக்கும் புரியாது என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

மரத்தூள் உங்கள் நெஞ்சுக்கு ஆகாது, தூசி இல்லாமல் வேலை செய்ய முடியாவிட்டால் வேலையையே விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதும் நீ பதறிப்போய்த் தூசி உறிஞ்சும் மிஷினை வாங்கி அனுப்பினாயே, அதில் ஒரு குறையும் இல்லை. பின்னறையில் நான் அறுப்பதையும் இழைப்பதையும் கீழே விழ விடாமல் விழுங்கிவிடுகிறது. குறையெல்லாம் அதன் வயரில்தான். வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றலாம் போல அவ்வளவு நீளம், அதைச் சுற்றி வைக்கக் கொடுத்திருப்பதோ விரல் பருமனில் இரண்டு பிளாஸ்டிக் கொக்கி, அதிலும் ஒன்று ஒடிந்துவிட்டது. சுற்றிவிட்டுத் திரும்புவதற்குள் மொத்தமும் வழுக்கித் தரையில் கிடக்கும். அம்மா துணி காயப்போடப் பின்னறை வழியாகத்தானே போக வேண்டும், போன மாதம் ஈரத்துணிக் கூடையோடு வந்தவள் காலில் அது சுற்றிக்கொண்டது. கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முழங்கால் வீங்கியது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு அவள் சொன்னது தெரியாது. "இன்னொரு தடவை இந்த வயர் என் காலைத் தட்டுச்சுன்னா மிஷின் வீட்டை விட்டுப் போகும். மிஷின் இல்லாம நீங்க அந்த ரூம்ல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். உன் அம்மா பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. அந்த அறை பூட்டப்பட்டுவிட்டால் காலையில் எழுந்து எதற்காக முகம் கழுவுவது என்றே எனக்குத் தெரியாதம்மா, அதனால்தான் பயந்துபோய் இதில் இறங்கினேன்.

முதலில் படம் வரைந்தேன், அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்தேன், பிடிக்காமல் மறுபடி வரைந்தேன். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன், நீகூட அவனை ஷாக் அண்ணன் என்பாயே, அவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ராக்கெட் விடப் போறீங்களா சார்? வயர் சுத்தவா இத்தனை படம்!" என்று சிரித்தான். சிரித்துவிட்டு, "வயர் மிஷினுக்குள்ள நுழையிற இடத்துல மட்டும் இழுத்துச் சுத்தாதீங்க, தளர்வா விடுங்க, இல்லன்னா அங்கதான் அறுந்துக்கும்" என்றும் சொன்னான், குறித்துக்கொண்டேன். பிறகு மரத்தில் இரண்டு கொக்கி செய்து மிஷினில் தூசி சேரும் டிரம்மின் பக்கவாட்டில் திருகாணி போட்டு முடுக்கினேன். பார்க்க எவ்வளவு லட்சணம்! மிஷினைப் போட்டதும் 'உய்ய்' என்று ஒரு விசில். திருகாணித் துளை டிரம்மைத் தாண்டி உள்ளே போய்விட்டது, அதன் வழியாகக் காற்று நுழைகிறது. இது எனக்கு உடனே புரிந்திருக்க வேண்டும், எனக்குத்தான் என் காதின் மேலேயே நம்பிக்கை கிடையாதே, அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன், மறுபடி விசில். உறுதி செய்துகொள்ள இன்னொரு தடவை. அங்கே அம்மா குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டுக் கூடத்தில் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மூன்று விசில் கேட்டதும் பேச்சை விடாமலே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தால் பருப்பு கூழாங்கல். அம்மா குக்கரைத் திட்ட ஆரம்பித்தாள், "மூணு விசில் வந்தும் வேகலைன்னா இது என்ன குக்கர், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும்" என்றாள். பேசாமல் மென்று விழுங்கியிருந்தால் தப்பித்திருப்பேன். ஒரு பாவமும் அறியாத குக்கரின் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க மிஷின் விசிலுக்கா நான் அடுப்பை அணைச்சேன்? காலை வாரினது பத்தாதுன்னு இப்ப சாப்பாட்டுலயும் கை வச்சிடுச்சா! இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். அதுக்கப்புறம் ஷாக் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துடுவேன்." அது எப்படி அவன் காதுக்குப் போனதோ, மறுநாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "சார், ஞாயித்துக்கிழமை நான் ஃப்ரீதான், கைவண்டியோட வரட்டுமா?" என்கிறான்.

இனிமேல்தான் விஷயமே. துளைகளை ரப்பர் வாஷர் வைத்து அடைத்தேன், விசில் நின்றது, டிரம்மைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு பலகையை மிஷினைத் தள்ளும் கைப்பிடிக் குழாயோடு சேர்த்துப் பட்டை போட்டு இறுக்கி, கீழே ஒரு கொக்கி, மேலே ஒரு கொக்கி. கீழ்க்கொக்கி அசையாது, மேல்கொக்கி திரும்பும்! இரண்டும் அசையாவிட்டால் ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்க வேண்டும், அந்தச் சோம்பலில்தான் நான் பாதி வயரைத் தரையிலேயே விட்டுவிடுகிறேன் என்பது யோசித்தபோதுதான் பிடிபட்டது. மேலே உள்ளதைத் தலைகீழாகத் திருப்பினால் மொத்தச் சுருளும் ஒரே பிடியில் கையில் வந்து விழுகிறது. தளர்வாக முடுக்கினால் கொக்கி தானாகவே தலைகுனிந்துவிடுகிறது, இறுக்கினால் திரும்ப மறுக்கிறது, நடுவில் பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி வைத்தேன், அப்படியே வெண்ணெய் மாதிரி திரும்பி நிற்கிறது. பிளக் தொங்காமலிருக்கத் துணிக் கிளிப் ஒன்று. இதை உலகத்தில் நான்தான் முதலில் செய்தேன் என்று சொல்லவில்லை, எங்காவது யாராவது செய்திருப்பார்கள், இதைவிட நன்றாகவும் செய்திருப்பார்கள், ஆனாலும் சுருள் கையில் விழுந்தபோது அறையில் தனியாக நின்று கைதட்டிவிட்டேன். எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று பலகையில் பென்சிலால் ஓர் அம்புக்குறியும் போட்டேன், அது இல்லாவிட்டால் எனக்கு முடிந்த மாதிரி இருக்காது.

சனிக்கிழமை காலை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். "பச்சைக் கிளிப் ஒண்ணைக் காணோம்னு கொடியெல்லாம் தேடினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நன்றாக இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஷாக்கின் கைவண்டி என் கண்ணில் வந்து நின்றது. சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்புகிறேன், வாசலிலேயே மிஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் பின்னறையில் அம்மா! மேஜைக்கு அடியில், நான் ஒருநாளும் எட்டாத மூலையில், குழாயை விட்டுத் தூசி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அணைத்தாள், பிளக்கைப் பிடுங்கினாள், மளமளவென்று சுற்றினாள், நுழையும் இடத்தில் தளர்வாகக்கூட விட்டாள், பச்சைக் கிளிப்பை மாட்டினாள். சும்மா ஒருமுறை கொக்கியைத் திருப்பிச் சுருளைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மறுபடி சுற்றினாள். அப்புறம்தான் நான் நிற்பதைக் கவனித்தாள். "என்னங்க அப்படிப் பார்க்கிறீங்க? இதே மாதிரி என் இஸ்திரிப் பெட்டிக்கு ஒண்ணு, தையல் மிஷினுக்கு ஒண்ணு வேணும். திங்கட்கிழமை ஆரம்பிச்சிடுங்க" என்றாள். திங்கட்கிழமை! ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறமும் எனக்கு அந்த அறை உண்டு என்று அர்த்தமல்லவா!

அவள் போன பிறகுதான் உறைத்தது, இரண்டு தடவையும் அம்புக்குறிக்கு நேர் எதிராகச் சுற்றியிருக்கிறாள். பிரித்துத் திருப்பிச் சுற்றக் கை போனது. பிறகு உப்புத்தாளை எடுத்து அம்புக்குறியைத் தேய்த்து அழித்துவிட்டேன்.

நீ கழுத்து வலிக்க வேலை பார்க்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டதால் தரையில் எந்த வயரையும் விடாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, குழந்தைக்கு ஆயிரம் முத்தம், மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். மறக்காமல் உன் வீட்டு மிஷினின் கைப்பிடிக் குழாயை ஒரு நூலால் சுற்றி அளந்து, அந்த நூலையே உறையில் போட்டு அனுப்பு, எண்ணாக எழுதினால் எனக்குச் சந்தேகம் வரும். உனக்கும் ஒன்று செய்து அனுப்புகிறேன். அம்புக்குறி போட மாட்டேன், உனக்குக் கைவந்த பக்கம் சுற்றிக்கொள்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா