எதிரே வரும் வண்டிக்கு ஒரு விரல்

அப்பாவுக்கு இஷ்பல் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? கூரை ஒழுகுவது நின்றதா? கிளாஸ்கோவில் நான் சுகம்தான்.

பாராமெடிக் படிப்புக்கு மதிப்பெண், உடல் தகுதி, நோயாளியை நாற்காலியோடு படியிறக்குவது எல்லாவற்றிலும் முன்பே தேறிவிட்டேன். பெரிய வண்டி ஓட்டும் உரிமம்தான் பாக்கியாக இருந்தது. ஆம்புலன்ஸை நாங்களும் ஓட்ட வேண்டுமே! இந்த மாதத்துக்குள் அது இல்லாவிட்டால் என் இடம் அடுத்தவருக்குப் போயிருக்கும்.

நேற்று அந்தப் பரீட்சை. பயப்படாதீர்கள், யாரையும் இடிக்கவில்லை. பாதி வழியில் பரீட்சகர் மக்கெக்னி கேட்டார்: "ஏம்மா, எதிர்ல வர்ற எல்லாரையும் உனக்குத் தெரியுமா?"

"ஒருத்தரையும் தெரியாதுங்க."

"அப்புறம் எதுக்கு ஆள்காட்டி விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டுற?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. "எங்க தீவுல வண்டி ஓட்டும்போது எதிர்ல வர்றவங்களுக்கு அப்படி விரல் தூக்கி வணக்கம் சொல்லலைன்னா, இவ வீட்டுக்கும் நமக்கும் என்ன சண்டைன்னு கேப்பாங்க சார்."

"இங்க சண்டையெல்லாம் வராது. ஸ்டியரிங்கைப் பிடி!"

சின்னத் தவறு என்று குறித்துக்கொண்டார். ஆனாலும் தேறிவிட்டேன் அப்பா! இடம் உறுதி.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். நம் வீட்டு ஓட்ஸ் ரொட்டியும் கொஞ்சம். படகுத்துறைக்குப் போகும்போது எதிரே வருகிறவர்களுக்கு என் பங்குக்கும் ஒரு விரல் தூக்குங்கள். இங்கே மூன்று வாரத்தில் எனக்குத் திருப்பிக் காட்டியவர் ஒருவர்தான்: பரீட்சை முடிந்து தன் காரில் வீட்டுக்குக் கிளம்பிய மக்கெக்னி.

தபாலுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் இஷ்பல்