அடுப்பில்லாத சுவருக்கு டைல்

நவம்பர் 3, திங்கள்

டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. அப்படியென்றால் அடுப்புச் சுவரை யார் தேய்ப்பது? கல்யாணமான இருபத்தாறு வருடமாக, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் சோடா மாவு போட்டு எண்ணெய்க் கறையைச் சுரண்டுவது நான்தானே.

கேட்டதும் என் வீட்டுக்காரர் கொர்னேலியஸ் உடனே டைல் போடலாம் என்றார். தினமும் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில் கூட வருகிறவர்கள் போனில் காட்டினார்களாம். "எண்ணெ ஒட்டாது, ஓதம் ஏறாது, வெளிச்சம் பட்டா கிச்சனே பெருசா தெரியும். ஒரு தொடைப்பு, அவ்ளோதான்!" டீத்தூள் டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாத மனுஷன், சமையலறையைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

நவம்பர் 8, சனி

வெறும் வெள்ளை போதும் என்றேன். திராட்சைக் குலையும் ஒயின் கோப்பையும் படம் போட்ட டைல் வந்து இறங்கியிருக்கிறது. கருவாடு வதக்குகிற வீட்டுக்கு ஒயின் கோப்பை! "நம்ம கோரமண்டல் ஏரியால யார் வூட்லயும் இது இல்ல" என்கிறார். இருக்காது.

நவம்பர் 15, சனி

தோள் வைத்தியத்துக்காக நந்திதுர்க்கில் அக்கா ஐடா வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தேன். வாசலில் நிற்கும்போதே திராட்சை பளபளத்தது. உள்ளே போனேன். அடுப்பு இடப்பக்கம், அதே கறுப்புச் சுவரோடு. டைல் — வாசலுக்கு நேர் எதிரே, மைக்ரோவேவ் வைத்த கல்மேடைக்குப் பின்னால்.

மேஸ்திரி சைலஸ் தலையைச் சொறிந்தார். "நான் கேட்டேங்க்கா. அடுப்பு செவுத்துல போட்டா வாசல்லருந்து தெரியாதுன்னு சார் சொல்ட்டாரு."

தெரியாதாம். என் தோள்வலிகூடத்தான் வாசலிலிருந்து தெரியாது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 16

மிளகாய் வறுத்தேன். சுவர் இன்னும் கறுத்தது. டைல் சுத்தமாக இருக்கிறது, அந்த ஒரு துடைப்புகூடத் தேவைப்படவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். பாட்டு முடிந்ததும் கொர்னேலியஸ் டைல் பிரசங்கத்தைத் தொடங்கினார். எண்ணெய் ஒட்டாது என்ற இடத்தில், பக்கத்து வீட்டு ஜாய் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எப்டிண்ணா ஒட்டும்? ஸ்டவ் அந்தாண்ட இல்ல கீது?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் பாட்டுப் புத்தகத்தை எடுத்து, யாரும் கேட்காத பாட்டைத் தேடினார். நானும் சிரித்தேன், அடக்க முடியவில்லை.

நவம்பர் 24, திங்கள்

அவர் ரயிலேறியதும் கேஸ் ஆளைக் கூப்பிட்டேன். ஜாய் ஒரு கை கொடுத்தாள். மைக்ரோவேவை இறக்கிவிட்டு, டைல் பக்கத்து மேடையில் அடுப்பை ஏற்றினோம். முதல் தாளிப்பிலேயே கடுகு ஒயின் கோப்பை வரை தெறித்தது.

சாயங்காலம்: "ஐயையோ, டைல் மேல எண்ணெ! இன்னா பண்ணி வச்சிருக்க?"

"ஒரு தொடைப்புதானங்க? தொடைங்க."

துணி எங்கே என்றார். கையில் கொடுத்தேன்.

டிசம்பர் 3

தினமும் துடைக்கிறார். வாசலிலிருந்து தெரிகிறதே! "வறுவல் வோணாம், ரசம் போதும்" என்று புதிதாக ஒரு விரதம் வேறு.

டிசம்பர் 14, ஞாயிறு

அடுப்பு முன்பிருந்த சுவரில் கறுப்பு அப்படியே இருந்தது. யாரும் சொல்லாமலே கொர்னேலியஸ் சோடா மாவைக் கரைத்து எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார். பாதியில் இறங்கித் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இருவத்தாறு வருசமா இதையா பண்ணிகினு இருந்த?"

ஆமாம் என்றேன்.

கையைக் கழுவினார். பிறகு இரண்டு பேருக்கும் டீ போட்டார். டப்பா எங்கே என்று கேட்கவில்லை.