கார்த்திக்கின் பரிசுப் படம்

ஞாயிறு, இரவு.

இன்று பள்ளியில் முன்னாள் மாணவர் கூட்டம். பரிசு வாங்கிய கார்த்திக்கின் குறும்படத்தைத் திரையிட்டார்கள். நண்பனின் பெருமையைப் பார்க்கட்டும் என்று அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன்.

படத்தில் ஒருவர், வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் டிபன் பாக்ஸோடு தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவை அப்படி நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. கார்த்திக்கிடம் மட்டும் அப்போது சொன்னேன், யாரிடமும் சொல்லாதே என்று.

"பேரு போடலியே மச்சான், அப்புறம் இன்னா?" என்றான் கார்த்திக், படம் முடிந்து நான் கேட்டபோது, தோளில் சால்வையோடு.

வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா செம்பாக்கம் ஏரியைத் தாண்டும்போது சொன்னார்: "அந்த ஆளு கழுத்துல ஆபீஸ் டேக் தொங்குது. நான் கழட்டிப் பையில வெச்சுப்பேன்."