ஆயில் பார்த்தாச்சு, அக்கா

அக்கா,

இன்று காலை தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பழைய கார் கிளம்பியது. பின்னால் நீலப் புகை. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் புகைக்குள்ளேயே நின்றேன். எரிந்த ஆயிலின் அந்த வாடை ஆறு வருஷம் நம்மோடு மலை ஏறி இறங்கியது. நம் லாட்ஜுக்குள் நுழைந்ததும் மேனேஜர் ஏதோ கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

நீங்கள் அந்தக் காரை வாங்கியபோதே மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. லாட்ஜின் அறைகளுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர் நீங்கள். ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து சாவியை மேஜையில் வைத்து, இனி அப்பாவைப் பார்க்கப் போக பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம் என்றீர்கள். மலைமேல் போனக்காடு எஸ்டேட்டில் தேயிலை வேலை நின்றுபோன பிறகும் உங்கள் அப்பா லைன் வீட்டை விட்டு இறங்கவில்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அரிசியும் பிரஷர் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவீர்கள். என் ஊர் மார்த்தாண்டத்தில் போய்ப் பார்க்க எனக்கு யாரும் மிச்சமில்லை. நானும் தொற்றிக்கொண்டேன். லைசென்ஸ் எடுக்கவைத்ததும் நீங்கள்தான். ஆனால் மலைப் பாதையில் ஒருநாளும் ஸ்டியரிங்கை என்னிடம் தந்ததில்லை.

மூன்றாவது வருஷம் கார் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. அடியில் அட்டையை விரித்து வைத்து ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. மெக்கானிக் சேட்டன் பிளக்கைக் கழற்றி, அதில் ஈரமாக ஒட்டியிருந்த கரியைக் காட்டினார். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, ஆயில் வெளியே ஒழுகாமல் உள்ளேயே எரிந்துபோகிறது, என்ஜினை இறக்கி வேலை செய்யாமல் இது தீராது என்றார். அதுவரை கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றிப் பாருங்கள், ஆனால் அளவு பார்க்காமல் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

"முதல்ல அப்பாவ இறக்கணும். என்ஜின பிறகு இறக்கலாம்" என்று சிரித்தீர்கள். இரண்டும் நடக்கவில்லை.

அளவு பார்ப்பதில் நீங்கள் எவ்வளவு கறார் என்பது எனக்குத்தான் தெரியும். லாட்ஜின் பின்பக்கம் சமதளமான ஓர் இடம் பார்த்து வைத்திருந்தீர்கள். காலையில் என்ஜின் சூடாவதற்கு முன்னால் ஆயில் கம்பியை உருவி, கிழிந்த தலையணை உறையில் துடைத்து, திரும்பச் செருகி, மறுபடி உருவி வெளிச்சத்தில் பிடிப்பீர்கள். கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் வந்தாலே ஊற்றிவிடுவீர்கள். டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் கேன் இருக்கும். இறக்கத்தில் கியரில் பிடித்து இறங்கி, மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கண்ணாடியில் புகையைப் பார்த்து, "குடிச்சிட்டுது" என்பீர்கள், வீட்டில் இருக்கும் ஓர் ஆளைச் சொல்வதைப் போல. பிறகு நானும் பழகட்டும் என்று முறை வைத்தோம். ஒரு தடவை நீங்கள், மறு தடவை நான்.

அந்த ஞாயிறு என் முறை.

மழை தூறிக்கொண்டிருந்தது. தலைக்குக் குளித்து, புதுச் சுடிதார் போட்டிருந்தேன். பானட்டைத் தூக்கினால் கை கரியாகும், தலை நனையும். இவ்வளவுதான் அக்கா காரணம். இதைவிடப் பெரிதாக ஒரு காரணம் இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன். நீங்கள் மேல்மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, ஆயில் பார்த்தாயா என்று கேட்டீர்கள். பார்த்தாச்சு அக்கா, நிறைய இருக்கு என்றேன். போன தடவை நீங்கள் ஊற்றியது நினைவிலிருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு முறை கொல்லம் வரை போய்வந்ததை நான் நினைக்கவில்லை.

மத்தியானம் அப்பாவோடு சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். காட்டுப் பாதையில் இரண்டாவது வளைவு தாண்டியதும் காரை ஓரம் கட்டினீர்கள். நெற்றியெல்லாம் வேர்வை. இடது தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீ ஓட்டு என்றீர்கள். அந்தப் பாதையில் நான் ஓட்டிய முதல் தடவை அது. போனில் சிக்னல் இல்லை. கீழே விதுரைக்குப் போனால் ஆஸ்பத்திரி. அது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

கொஞ்ச தூரத்தில், ஒவ்வொரு வளைவிலும் மீட்டருக்குப் பக்கத்தில் ஆயிலின் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. பிறகு அணையவே இல்லை. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தீர்கள் என்று நினைத்தேன். ஆனால் பார்த்துவிட்டீர்கள்.

"காலையில ஆயில் பாத்தல்லா, மக்கா?"

"பாத்தேன் அக்கா."

"அப்போ வயர் தகராறா இருக்கும். நிறுத்தாத. போ."

டிக்கியில் கேன் இருந்தது, அக்கா. சீல் உடைக்காத ஒரு லிட்டர். பார்க்கவில்லை என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நிறுத்தச் சொல்லியிருப்பீர்கள். ஐந்து நிமிஷத்தில் ஊற்றிக்கொண்டு கிளம்பியிருப்போம். அந்த வலியில் இருக்கும் உங்களிடம் காலையில் சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச தூரம்தானே, வண்டி தாங்கிவிடும் என்றும் நினைத்தேன். நீங்கள் நம்பியதைப் பிடித்துக்கொண்டு நானும் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

முதலில் கடகடவென்று ஒரு சத்தம். பிறகு கார் ஒரு குலுக்கலோடு செத்து நின்றது. சாவியைத் திருப்பினால் டிக் என்பதோடு சரி. இறங்கி பானட்டைத் தூக்கிக் கம்பியை உருவினேன். நுனியில்கூட ஒன்றும் இல்லை. கேனை எடுத்து வந்து முழுவதையும் ஊற்றினேன். இறுகிப் பிடித்துப்போன என்ஜினுக்கு ஆயில் எதற்கு? அது எனக்கும் தெரியும். சும்மா நிற்க முடியவில்லை, அதனால் ஊற்றினேன்.

ஒரு ஜீப் வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்களைப் பார்த்துவிட்டு, எப்போது வலி ஆரம்பித்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு துணியை உங்கள் முகம் வரை இழுத்துவிட்டார்.

மெக்கானிக் சேட்டன் என்ஜினைப் பிரித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார், ஒரு துளி ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று. படித்துப் படித்துச் சொன்னேனே என்று அவர் கண்கலங்கினார். வண்டி உங்களுடையது, அதனால் அதற்குப் பிறகு அது உங்கள் மேல் எழுதின குற்றமாகிவிட்டது. ஓட்டை வண்டி, கவனிக்காத பொம்பளை, தன் சாவைத் தானே தேடிக்கொண்டாள். லாட்ஜில் பேசினார்கள். அடக்கத்துக்கு வந்தவர்கள் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் அப்பாவை நான் விடவில்லை. இப்போது பஸ்ஸில் போகிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் உங்கள் பேச்சையே அவர் எடுத்ததில்லை. போன மாதம் மாத்திரையை எண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது, தானாகவே சொன்னார்: சின்னதிலேயே அவளுக்கு எதிலும் கவனம் கிடையாது, அந்தச் சோம்பல்தான் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார். அத்தனை நாளும் அவர் உங்கள் மேல் அந்த மனத்தாங்கலோடுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அப்போது சொல்லிவிட்டேன். மழை, புதுத்துணி, ஜன்னல், சிவப்பு விளக்கு, எதையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே அடுப்பைப் பார்த்திருந்தார். அடிக்க எழுந்திருந்தால் நின்று வாங்கியிருப்பேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ அறிஞ்சாளா?"

தெரியாது அப்பா என்றேன். அதுதான் உண்மை. அவர் தலையசைத்தார். கிளம்பும்போது இனி வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. இந்த மாதமும் போனேன். கதவைத் திறந்தார்.

அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஜீப்பின் பின்சீட்டில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. உங்கள் கை என் கையைத் தேடி வந்தது. என் விரல்கள் கறுத்திருந்தன, நகக்கண்ணில்கூட ஆயில் பிசுக்கு. நீங்கள் அந்த விரல்களைப் பார்த்தீர்கள். பிறகு என் முகத்தை. உங்கள் முந்தானையை இழுத்து, ஒவ்வொரு விரலாக என் கையைத் துடைக்க ஆரம்பித்தீர்கள். மூன்று விரல் முடித்திருந்தீர்கள், உங்கள் கை நழுவி விழுந்தபோது.

தெரிந்துதான் துடைத்தீர்களா, அக்கா?