துணியில் குற்றமில்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் பாப்பாவும் எங்களைவிட ஒரு படி கூடவே சுகமாக இருக்க வேண்டும். இந்த "சுகம்" என்கிற சொல்லை ஏழு வாரமாகப் போனில் உன்னிடம் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் மெய்யாக எழுதுகிறேன். அதனால் இதை நின்றுகொண்டே படிக்காதே, பாப்பாவை மருமகளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, இந்த ஒரு தடவை எனக்காக வரிசையாகப் படித்துவிடு. நான் திடமாக, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், இப்போதைக்கு அது போதும். போனில் சொன்னால் நான் அழுவேன், நான் அழுதால் நீ அடுத்த விமானத்தில் ஏறுவாய், எதையும் முழுதாகக் கேட்க மாட்டாய், அதற்காகத்தான் கடிதம்.

எனக்கு நடந்தது உன்னிடம் போனில் சொன்ன மாதிரி குடலிறக்க ஆபரேஷன் இல்லை கண்ணு. பெருங்குடலில் வலது பக்கம் ஒரு கட்டி இருந்தது, புற்றுநோய்க் கட்டி, அதை வெட்டி எடுத்தார்கள். அப்பாடா, எழுதிவிட்டேன். ஆறேழு மாதமாகவே கம்பெனி மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். இரண்டாவது மாடியில் நோட்டீஸ் போர்டைப் படிக்கிற மாதிரி நின்று இளைப்பாறிவிட்டுத்தான் மூன்றாவது மாடிக்குப் போவேன், அந்த போர்டில் இருப்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அறுபத்து மூன்று வயதில் இதெல்லாம் சகஜம் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், நாலு மாதம் விழுங்கியும் ஏறவில்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மா, "மாத்திரை போட்டும் ஏறலன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்மா, ஒழுகுற எடத்தைத் தேடணும்" என்று சொல்லிக் குழாய் விட்டுப் பார்த்தார். முப்பத்தொரு வருஷமாக ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்று, அடுத்தவர் தைத்ததில் ஒரு தையல் தப்பினாலும் பிடித்து அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் நான், என் வயிற்றுக்குள் நடந்ததைப் பிடிக்கவில்லை பார். மிஷின்காரப் பெண்கள் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், இது தெரிந்தால் என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கும்.

உன்னிடம் மறைத்ததில் பெரிய தண்டனை அப்பாவுக்குத்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனிதர், பஸ்ஸை அடக்கத் தெரியும், வாயை அடக்கத் தெரியாது. அதனால் நீ போன் பண்ணும்போதெல்லாம் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று பால்கனிக்கு ஓடிவிடுவார். "அப்பாவுக்கு என்னம்மா திடீர்னு செடி மேல இவ்ளோ பாசம்" என்று நீகூடக் கேட்டாய். பாசமுமில்லை ஒன்றுமில்லை, பாவம், இருந்த இரண்டு தொட்டிச் செடியும் தண்ணீர் தாங்காமல் அழுகிப் போய்விட்டன. நீ திட்டுவதானால் என்னைத் திட்டு, அவரை ஒரு வார்த்தை சொல்லாதே. ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே ஒன்பது நாள் இருந்தார், நர்ஸ் சொன்னாலும் நகரவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் நான் பண்ணின கூத்தைக் கேள். வெட்டுகிற பக்கம் மாறிவிடக் கூடாது என்று நர்ஸ் வந்து பேனாவால் என் வயிற்றின் வலது பக்கம் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போனாள். நான் கைகால் கழுவக் குளியலறைக்குள் போனேன், குனிந்தால் மை தெரிந்தது, சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து அழித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. பேனா அடையாளத்தோடு எந்த பீஸும் என் மேஜையைத் தாண்டக் கூடாது, அந்தப் பழக்கத்தில் கை தன்னால் செய்துவிட்டது. நர்ஸ் வந்து, நான் போட்ட அம்பு எங்கே என்று என் வயிற்றைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறாள், அப்பா வேறு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். கடைசியில் டாக்டரம்மாவே வந்து திரும்ப வரைந்து, "இதையும் தொடச்சீங்கன்னா உங்க கையைக் கட்டிப் போட்டுடுவேன்" என்று மிரட்டினார். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன், அதனால்தானோ என்னவோ பயமே வரவில்லை.

பயம் அதற்குப் பிறகு வந்தது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, கட்டி குடலைத் தாண்டவில்லை, மருந்து ஏற்றவும் தேவையில்லை என்றார்கள். அதோடு முடிந்திருந்தால் அன்றைக்கே உனக்குச் சொல்லியிருப்பேன். வெட்டின கட்டியைச் சோதித்ததில் இருக்க வேண்டிய ஒரு புரதம் காணோம் என்று வந்தது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். உடம்பில் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும்போது மரபணுவையெல்லாம் நகல் எடுக்குமாம், நகலில் எழுத்துப் பிழை விழுமாம், அதைப் பிடித்துத் திருத்துவதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றனவாம், அதில் அந்தப் புரதத்தை உண்டாக்குகிற ஒன்று என் கட்டியில் வேலையே செய்யவில்லையாம். அதாவது அங்கேயும் ஒரு செக்கிங் மேஜை இருக்கிறது, அங்கே இருக்க வேண்டியவளைக் காணோம், தப்பான பீஸெல்லாம் தாண்டிப் போய்க் கட்டியாகிவிட்டது. ஏன் காணோம் என்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்றார். ஒன்று, அந்த மரபணுவே பிறவியிலேயே பிழையாக, பெற்றவர்களிடமிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் அது எனக்குப் பிறந்த உனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, உனக்கு வந்திருந்தால் பாப்பாவுக்கும் அதே கணக்கு. இரண்டாவது காரணத்தை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது என் காதில் எதுவும் ஏறவில்லை. என் அப்பா நாற்பத்தொன்பது வயதில் வயிற்று நோயில் போனவர், என்ன நோய் என்று அப்போது யாரும் பெயர் சொல்லவில்லை. அவரிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து உனக்கு என்று மனது கோடு போட ஆரம்பித்துவிட்டது. எது காரணம் என்று தெரிய இன்னொரு சோதனை, அதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த மூன்று வாரத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று எழுதத் தெரியவில்லை. எனக்கு நோய் என்றபோது நான் கலங்கவில்லை, வாழ்ந்தாயிற்று, பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். உனக்கு நான் கொடுத்துவிட்டேனோ என்றபோது சோறு இறங்கவில்லை. என்னிடமிருந்து உனக்கு வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், என் மூக்கு, என் முன்கோபம், வளைந்த சுண்டுவிரல், வெயிலில் இறங்கினால் சரியாக மூன்று தும்மல். எல்லாம் கொடுத்தவள் இதையும் கொடுத்திருக்க மாட்டேனா. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பாப்பாவை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து போனில் காட்டினாய், அவள் வெயிலைப் பார்த்து மூன்று தும்மல் போட்டாள், "அப்படியே பாட்டி" என்று மருமகள் சிரித்தாள். அன்றைக்குத் திடீரென்று போன் அறுந்ததே, சிக்னல் போய்விட்டது என்று நினைத்தாய், சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் வைத்துவிட்டு அழுதேன்.

போன வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. அந்த இரண்டாவது காரணத்தை டாக்டரம்மா திரும்ப முதலிலிருந்து சொன்னார், இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். என் மரபணுவில் பிழை எதுவும் இல்லை. அதன் ஆரம்பத்தில் துளியூண்டு ரசாயனம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, மெத்தில் என்று பெயராம். அது ஒட்டினால் செல் அந்த மரபணுவைப் படிக்காமல் தாண்டிப் போய்விடுமாம், எழுத்து எல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. வயதாக ஆகக் குடலில் இப்படி ஒட்டுவது உண்டு, என் வயதுப் பெண்களுக்கு வலது பக்கம் வருகிற கட்டிகளில் அடிக்கடி பார்ப்பதுதான் என்றார். ரத்தத்திலும் தேடிப் பார்த்தார்களாம், அங்கே ஒட்டவில்லை, கட்டியில் மட்டும்தான். "இது பரம்பரையா வந்தது இல்லம்மா, உங்க குடல்ல உங்க காலத்துல ஒட்டுனது, உங்க பையனுக்கு இதை நீங்க குடுக்கல" என்றார். அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கே ஊற்றுவதற்குச் செடிகூட இல்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது, நீ மூன்றாவது படிக்கும்போது கம்பெனியில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. அம்பு ஸ்டிக்கர் தாள் ஒன்று நல்ல சட்டைக் கட்டுக்குள் விழுந்து, கசங்கி, அந்தக் கட்டு முழுவதும் ஒட்டிக்கொண்டது. ஸ்டிக்கரைப் பார்த்தவர்கள் யாரும் கிட்டே போகவில்லை, ஒதுக்கின சரக்கோடு மூலையில் கிடந்தது. ஒரு நாள் நான் இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், துணியில் குற்றமில்லை, தையலில் குற்றமில்லை, ஒட்டினதுதான் குற்றம். இதைச் சொன்னதும் டாக்டரம்மா, "இதைத்தானேம்மா நான் அரை மணி நேரமா சொல்ல வராம தவிச்சேன்" என்றார். அப்படியானால் உரித்துவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். அதற்கு மருந்து தேடி ஆராய்ச்சி நடக்கிறதாம், எனக்கு இனி உரிக்க ஒன்றுமில்லை, பீஸையே வெட்டி எடுத்தாயிற்று என்று சிரித்தார். சிகரெட் புகையும் இப்படி ஒட்டுவதற்குத் துணை போகும் என்று ஒரு வார்த்தை சொன்னார், அப்பா கூரையைப் பார்த்தார். அலமாரியில் இருக்கிற சிகரெட் பெட்டியை அவர் வியாழக்கிழமையிலிருந்து திறக்கவில்லை, நான் தினமும் பார்த்துவிடுகிறேன்.

பரம்பரை இல்லை என்பதற்காக நீ அலட்சியமாக இருக்கக் கூடாது. பெற்றவளுக்கு வந்திருப்பதால் நாற்பது வயதில் உனக்கும் ஒரு தடவை குழாய் விட்டுப் பார்த்துவிடச் சொன்னார், உனக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. வெட்கப்படாதே, அதெல்லாம் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும், முந்தின நாள் குடிக்கச் சொல்கிற மருந்துதான் பாடாய்ப் படுத்தும், கழிப்பறைப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொள். அதற்கு முன்னாலேயே காரணமில்லாமல் மூச்சு வாங்கினால் என்னை மாதிரி நோட்டீஸ் போர்டு படித்துக்கொண்டு நிற்காதே, டாக்டரிடம் போ. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு டிக்கெட் போடாதே, லீவு கிடைக்கும்போது மூவரும் சேர்ந்து வாருங்கள், எனக்குப் பாப்பாவைத் தூக்க இன்னும் ஒரு மாதம் ஆகும், கனமான எதையும் தூக்கக் கூடாதாம். கோபம் தணிந்ததும் போன் பண்ணு, தணியாவிட்டாலும் பண்ணு. ஆயுசும் ஆரோக்கியமும் குறையாமல் மூன்று பேரும் நிறைவாக இருங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். எங்கள் கம்பெனியில் பாஸ் ஆன சட்டையின் பையில் செக் பண்ணினவளின் எண் போட்ட துண்டுக் காகிதம் வைப்போமே, நினைவிருக்கிறதா, நீ பள்ளிக்கூடம் போகிற சட்டைப் பையில் தினமும் ஒன்று வைத்து அனுப்புவேன், எட்டாம் வகுப்பில் கூட்டாளிகள் கேலி செய்கிறார்கள் என்று வேண்டாம் என்றுவிட்டாய். இந்தக் கவருக்குள் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று உன் சட்டைப் பைக்கு, ஒன்று பாப்பாவின் கவுன் பைக்கு. என் வேலையில் இவ்வளவு நேரம் எடுத்து எதையும் பார்த்ததில்லை கண்ணு. இரண்டும் பாஸ்.

உன் அம்மா,
செக்கர் எண் 14